தகட்டின் முகத்தில் எழும் பழைய வடுக்கள்

உருட்டப்பட்ட எஃகுத் தகட்டின் மேற்பரப்பில் தென்படும் குறை, தென்பட்ட இடத்திலேயே பிறந்ததாக இருப்பது அரிது. ஆலையின் பரிசோதனை மேசையில் விளக்கொளிக்குக் கீழே தெரியவரும் கருங்கோடு, பாத்திரப் பட்டறையின் அச்சில் அழுந்தும்போது எழும் வரிமேடு, மெருகேற்றிய பிறகு மட்டுமே புலப்படும் ஊசிமுனைப் புள்ளி ஆகியவற்றின் காரணத்தைத் தேடிச் சென்றால், அந்தத் தேடல் பெரும்பாலும் இரண்டு மூன்று கட்டங்கள் பின்னோக்கிப் போய், சிலவேளைகளில் எஃகு இன்னும் உருகிய குழம்பாக இருந்த நேரத்தில் போய் நிற்கும். தகடு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே தரத்தைப் பற்றி எழும் சச்சரவுகளில் பலவற்றுக்கு வேர் இதுதான்: குறையைக் கண்டவர் ஒருவர், அதை விதைத்தவர் வேறொருவர். இந்த இடைவெளியை ஆராய்வதற்குத் தமிழ்நாட்டில் சேலம் உருக்காலையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். ஏனெனில் அந்த ஆலை தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கிக் கட்டப்படவில்லை, முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிக் கட்டப்பட்டது.

சேலத்தை அடுத்த கஞ்சமலையின் இரும்புத் தாதைப் பற்றிய கனவு பழையது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் சேலம் வட்டாரத் தாதைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்கும் தொழிலைத் தொடங்கினார், விடுதலைக்குப் பிறகு அதே தாதையும் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியையும் இணைத்து ஓர் உருக்காலை அமைக்கும் யோசனை நெடுங்காலம் பேசப்பட்டது, சி. என். அண்ணாதுரை முதலமைச்சராக இருந்த 1967இல் அந்தக் கோரிக்கைக்காக ‘எழுச்சி நாள்’ கடைப்பிடிக்கப்பட்டது. 1970 செப்டம்பர் 16 அன்று பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆனால் கஞ்சமலை அடிவாரத்தில் இறுதியில் எழுந்தது தாதை உருக்கும் ஆலை அன்று. துருப்பிடிக்காத எஃகை, அதாவது மக்கள் எவர்சில்வர் என்று அழைக்கும் குரோமியம் கலந்த எஃகை, மெல்லிய தகடாக்கும் குளிர் உருட்டாலை 1981இல் முதலில் வந்தது. அதற்குத் தேவையான தடித்த சுருளை உருட்டித் தரும் வெப்ப உருட்டாலை 1995இல் வந்தது. அந்த வெப்ப உருட்டாலைக்குத் தேவையான ‘ஸ்லாப்’ எனப்படும் கனத்த எஃகுப் பலகையை வார்க்கும் உருக்குக்கூடம், ஆண்டுக்கு 1,80,000 டன் திறனுடன், 2010இல்தான் வந்தது.

இந்தத் தலைகீழ் வரிசையைப் பொருளாதார நோக்கிலும் அரசியல் நோக்கிலும் பலர் பேசியிருக்கிறார்கள். உலோகவியல் நோக்கில் அதன் பொருள் வேறு. முதல் பதினான்கு ஆண்டுகள் இந்த ஆலை வேறு ஆலைகள் வெப்பத்தில் உருட்டிய சுருளை வாங்கியே மெருகு தந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகள் துர்காபூர் கலப்பு எஃகு ஆலை போன்ற இடங்களில் வார்க்கப்பட்ட ஸ்லாபைக் கொண்டே சுருள் செய்தது. தன் பெயரையே தகட்டின் பளபளப்பில் வைத்திருந்த ஓர் ஆலை, அந்தப் பளபளப்பின் கீழே இருக்கும் உலோகத்தின் பிறப்பைப் பார்க்காமலே இருபத்தொன்பது ஆண்டுகள் தொழில் நடத்தியது. கடைசிக் கட்டத்தில் எவ்வளவு திறமை இருந்தாலும் முதற்கட்டத்தின் பிழையை அங்கிருந்து திருத்த முடியாது என்பதே உருட்டலின் அடிப்படை இயல்பு. அதற்குக் காரணம் ஒரு எளிய பெருக்கல் கணக்கு.

நீட்சியின் கணக்கு

உருட்டும்போது தகட்டின் அகலம் ஏறத்தாழ மாறுவதில்லை. தடிமன் எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு நீளம் கூடுகிறது. 200 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்லாப் வெப்பத்தில் 4 மில்லிமீட்டராகவும், பிறகு குளிரில் 0.8 மில்லிமீட்டராகவும் உருட்டப்பட்டால், மொத்த நீட்சி 250 மடங்கு. ஸ்லாபின் தோலில் 1 மில்லிமீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட ஒரு கசடுத் துணுக்கு சிக்கியிருந்தால், முடிவில் அது 25 சென்டிமீட்டர் நீளக் கோடாகவும் 4 மைக்ரோமீட்டர் ஆழமாகவும் மாறியிருக்கும்; ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஸ்லாபில் கண்ணுக்குத் தப்பிய துகள், தகட்டில் ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் கூடிய கீற்றாக விரிகிறது. அதே நேரத்தில் அது மிக மெல்லியதாகிவிடுவதால், தகட்டின் வலிமையில் எந்தக் குறையும் இல்லாமல் தோற்றத்தை மட்டும் கெடுக்கிறது. உட்குறையைக் கண்டறியும் வழக்கமான சோதனைகள் இதைப் பொருட்படுத்துவதில்லை. வாங்குபவரின் கண் மட்டுமே பொருட்படுத்துகிறது.

இப்படி நீண்டு, தகட்டின் மேல் ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கும் மெல்லிய உலோகத் தோலை ஆலைகளில் ‘ஸ்லிவர்’ என்பார்கள். நகத்தால் நெருடினால் சிலவேளை பெயர்ந்துவரும் இந்தத் தோலுரிவுதான் தகட்டுக் குறைகளில் மிகப் பழையதும், மிக அதிகமாகப் பழி இடம் மாறிப் போடப்படுவதும் ஆகும். ஒரே தோற்றமுடைய ஸ்லிவர் குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களில் பிறக்கலாம் என்பதால், தோற்றத்தை மட்டும் வைத்துப் பெயரிடும் பழக்கம் ஆராய்ச்சிக்கு உதவுவதில்லை. கேமரா வைத்துத் தானாகவே குறைகளை வகைப்படுத்தும் இன்றைய கருவிகளும் இந்தப் பலவீனத்தைப் போக்கவில்லை. அவை மனிதக் கண்ணைவிட வேகமாகப் பார்க்கின்றன, ஆனால் மேற்பரப்பைத்தான் பார்க்கின்றன.

காரணத்தைக் காட்டுவது குறுக்குவெட்டு. குறையுள்ள இடத்தைச் சிறு துண்டாக அறுத்து, பக்கவாட்டில் மெருகேற்றி, மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்து, தோலுக்கு அடியில் என்ன சிக்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே சோடியம், கால்சியம், சிலிக்கான், ஃபுளூரின் ஆகியவை சேர்ந்து காணப்பட்டால், அது வார்ப்பு அச்சில் தூவப்படும் பொடியிலிருந்து வந்தது. வேறெந்தக் கட்டத்திலும் அந்தக் கூட்டணி இயல்பாகக் கிடைக்காது. இரும்பு, குரோமியம் ஆகியவற்றின் ஆக்சைடும், அதைச் சுற்றி உலோகத்துக்குள்ளேயே பரவிய நுண்ணிய ஆக்சைடுப் பொட்டுகளும் இருந்தால், அந்த இடத்தில் இருந்த வெடிப்பு சூளைக்குள் நெடுநேரம் வெந்திருக்கிறது, அதாவது உருட்டலுக்கு முன்பே அது இருந்திருக்கிறது என்று பொருள். ஒன்றுமே இல்லாமல் சுத்தமான உலோகம் மட்டும் மடிந்து கிடந்தால், குற்றவாளி பெரும்பாலும் குளிர் உருட்டலிலோ அதற்குச் சற்று முன்னரோ இருக்கிறான்.

வார்ப்பில் விழும் விதை

தொடர் வார்ப்பு என்பது உருகிய எஃகைத் தண்ணீரால் குளிர்விக்கப்படும் செம்பு அச்சின் வழியே இடைவிடாமல் கீழிறக்கி உறையவைக்கும் முறை. எஃகு அச்சோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அச்சு மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும். அந்த ஒவ்வோர் அசைவும் ஸ்லாபின் தோலில் ஒரு குறுக்கு மடிப்பை விட்டுச் செல்கிறது. அந்த மடிப்பின் முனை உள்நோக்கிக் கொக்கிபோல் வளைந்தால், மேலெழுந்து தப்பிச் செல்ல வேண்டிய வாயுக் குமிழியும் கசடுத் துகளும் அங்கே மாட்டிக்கொள்கின்றன. அச்சின் மேல் எஃகின் மட்டம் தடுமாறினால், மேலே மிதக்கும் காப்புப் பொடி உள்ளே இழுபடுகிறது. எஃகை ஊற்றும் சுட்டமண் குழாயின் உட்சுவரில் அலுமினியம் ஆக்சைடு படிந்து, பிறகு கட்டியாகப் பெயர்ந்து விழுந்தால், அதுவும் தகட்டில் நீண்ட வெண்கோடாகத் திரும்பி வரும். டைட்டானியம் சேர்த்து நிலைப்படுத்திய துருப்பிடிக்காத எஃகில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். டைட்டானியம் நைட்ரைடுத் துகள்கள் கொத்துக்கொத்தாகத் திரண்டு, மெருகேற்றும்போது வால்நீண்ட கீற்றுகளாக வெளிப்படுகின்றன.

துருப்பிடிக்காத எஃகு ஸ்லாபின் மேற்புறத்தைச் சாணைக்கல் கொண்டு சில மில்லிமீட்டர் வரை அரைத்து எடுக்கும் வழக்கம் இதனால்தான் உலகெங்கும் இருக்கிறது. நிக்கலும் குரோமியமும் கலந்த விலையுயர்ந்த உலோகத்தை அரைத்துப் பொடியாக்குவது மேலோட்டமாகப் பார்த்தால் வீண்செலவு. ஆனால் 250 மடங்கு நீட்சிக் கணக்கை வைத்துப் பார்த்தால், ஸ்லாபில் செலவிடப்படும் ஒவ்வொரு நிமிடமும் தகட்டில் பல மீட்டர் நீளத்தைக் காப்பாற்றுகிறது. இருப்பினும் அரைத்தலும் பிழைக்கு இடம் தரும் வேலைதான்: கல் ஆழமாகக் கடித்துச் சென்ற பள்ளத்தின் விளிம்பு செங்குத்தாக நின்றால், அந்த விளிம்பே உருட்டலில் மடிந்து புதிய ஸ்லிவரை உண்டாக்கும். திருத்த வந்த கை புதுக்குறையை வைத்துவிட்டுப் போவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது.

சூளையும் செதிலும்

உருட்டலுக்கு முன் ஸ்லாபை 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றுகிறார்கள். அந்த வெப்பத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் எஃகின் மேல் செதிலை உண்டாக்குகிறது. சாதாரண எஃகில் இந்தச் செதில் மூன்று அடுக்குகள் கொண்டது. உலோகத்தை ஒட்டியிருக்கும் அடுக்குதான் மிகத் தடிமனானது, வெப்பத்தில் ஓரளவு நெகிழக்கூடியது. அதன் மேலிருக்கும் இரண்டும் மெல்லியவை, கடினமானவை. உருட்டலுக்குச் சற்று முன் சுமார் 150 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் பீச்சப்படும் தண்ணீர் இந்தச் செதிலை வெடித்துச் சிதறச் செய்யும். ஒரு பீச்சுக்குழாயின் வாய் அடைத்துக்கொண்டாலும், அதன் நேர்கீழே சுருளின் முழு நீளத்துக்கும் செதில் ஒரு பட்டையாக எஞ்சி, உருளைகளால் உலோகத்துக்குள் அமுக்கப்படும். சுருளின் நீளவாக்கில், எப்போதும் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் ஓடும் கரும்பட்டையைக் கண்டால் முதலில் குழாய்வாயைப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

செதில் ஒட்டுவதற்கு எஃகின் கலவையும் காரணமாகலாம். சிலிக்கான் அதிகமுள்ள எஃகில் இரும்பும் சிலிக்கானும் சேர்ந்த ஆக்சைடு, சுமார் 1,170 டிகிரியில் உருகி, செதிலுக்கும் உலோகத்துக்கும் இடையே வேர்போல் இறங்குகிறது. அது உறைந்த பிறகு தண்ணீர் பீச்சினாலும் செதில் முழுமையாகக் கழன்று வராமல், தகட்டில் செந்நிறத் திட்டுகளாகத் தங்கிவிடுகிறது. பழைய இரும்பை உருக்கிச் செய்யும் எஃகில் வேறொரு பகை உண்டு. மோட்டார் சுருள், மின்கம்பி ஆகியவற்றோடு கலந்து வரும் செம்பை உருக்கும்போது பிரித்தெடுக்க முடியாது. சூளையில் இரும்பு ஆக்சைடாகிச் செதிலாகப் போகப்போக, ஆக்சைடாகாத செம்பு உலோகத்தின் மேற்புறத்தில் சேர்ந்து, 1,085 டிகிரியில் உருகி, எஃகின் மணிகளுக்கு, அதாவது நுண்படிகங்களுக்கு, இடையேயான எல்லைகளில் ஊடுருவி, உருட்டியவுடன் தோலைப் பிளக்கிறது. நிக்கல் சிறிது இருந்தால் இந்த ஊடுருவல் குறையும். வெள்ளீயம் இருந்தால் மோசமாகும். பழைய இரும்பின் மறுசுழற்சி சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் கணக்கில் இந்த மேற்பரப்புச் செலவையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகின் நிலை இதற்கு நேர்மாறானது. குரோமியம் ஆக்சைடு மிக மெல்லியதாகவும் இறுக்கமாகவும் படிவதால், தடித்த செதிலின் தொல்லை குறைவு. ஆனால் உருளைக்கும் உலோகத்துக்கும் இடையே காப்பாக நிற்கவும் அங்கே செதில் போதவில்லை. வெப்பத்தில் மென்மையாகிவிடும் ஃபெரைட் வகை எஃகில், அதாவது நிக்கல் இல்லாமல் 16 முதல் 18 விழுக்காடு குரோமியம் மட்டும் கொண்ட 430 போன்ற தரத்தில், உலோகம் உருளையோடு நேரடியாகத் தொட்டு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய துணுக்கு உருளையில் ஒரு மேடாக நின்று, சுற்றுக்குச் சுற்று தகட்டைக் குத்துகிறது. அதிகம் துருப்பிடிக்கும் உலோகத்துக்குச் செதிலால் தொல்லை, துருப்பிடிக்காத உலோகத்துக்குச் செதில் இல்லாததால் தொல்லை.

சேலத்தின் வெப்ப உருட்டாலை ஸ்டெக்கல் வகையைச் சேர்ந்தது என்பதை இங்கே கருத வேண்டும். ஏபிரம் ஸ்டெக்கல் என்னும் அமெரிக்கரின் பெயர் தாங்கிய இந்த அமைப்பில், ஒரே ஒரு உருட்டு நிலையம்; அதன் இரு பக்கமும் சூளைக்குள் ஒவ்வோர் உருளைப் பீப்பாய். தகடு முன்னும் பின்னுமாக ஓடி, ஒவ்வொரு முறையும் சூளைக்குள் சுருண்டு, சூடு ஆறாமல் திரும்பி வரும். குறைந்த அளவில் பல தரங்களை உருட்டுவதற்கும், குறுகிய வெப்பநிலை எல்லைக்குள் மட்டுமே நன்கு உருளக்கூடிய துருப்பிடிக்காத எஃகுக்கும் இது ஏற்ற ஏற்பாடு. ஆறேழு நிலையங்களை வரிசையாக நிறுத்தும் பேராலையின் முதலீடும் இதற்குத் தேவையில்லை. ஆனால் மேற்பரப்பைப் பொறுத்தவரை ஸ்டெக்கல் ஆலைக்கு இரண்டு பிறவிக் குறைகள் உண்டு. சூளைக்குள் போய்வரும் ஒவ்வொரு முறையும் தகட்டில் புதிய ஆக்சைடு படிகிறது, அதில் ஒரு பகுதி பீப்பாயில் உதிர்ந்து கட்டியாகி, அடுத்த சுருளின் மேல் பதிகிறது. இரண்டாவது குறை நுட்பமானது. வரிசை ஆலையில் முதல் நிலையத்தின் உருளைகள் சொரசொரப்பானாலும் கடைசி நிலையத்தின் உருளைகள் அந்தத் தடத்தை ஓரளவு சமன்படுத்திவிடும். ஸ்டெக்கலில் முதல் அழுத்தத்தைத் தந்து வெப்ப வெடிப்பு கண்ட அதே உருளைதான் கடைசி அழுத்தத்தையும் தர வேண்டும். உருளைகளை அடிக்கடி மாற்றுவதைத் தவிர இதற்கு முழுத் தீர்வு இல்லை. உருளை மாற்றுவது என்றால் உற்பத்தி நிற்கும். மேற்பரப்புக் குறைகளில் எத்தனையோ, அறியாமையால் வருவதில்லை, இந்தக் கணக்கில் எடுக்கப்படும் முடிவுகளால் வருகின்றன.

உருளையின் கையெழுத்து

குளிர் உருட்டலில் வரும் குறைகளைக் கண்டுபிடிப்பது ஒப்பீட்டளவில் எளிது, ஏனெனில் உருளை தன் அடையாளத்தை ஒழுங்கான இடைவெளியில் பதிக்கிறது. போலந்துக்காரரான ததேயூஷ் செண்ட்ஜிமிர் வடிவமைத்த இருபது உருளை ஆலைதான் துருப்பிடிக்காத எஃகுக்கு உலகெங்கும் பயன்படுகிறது; சேலத்திலும் அதுவே. உருட்ட உருட்டக் கடினமாகிக்கொண்டே போகும் இந்த எஃகை மேலும் மெலிவிக்க, தகட்டைத் தொடும் உருளை ஒல்லியாக இருக்க வேண்டும். ஒல்லி உருளை வளைந்துவிடும் என்பதால், தொடும் இரண்டு உருளைகளுக்குப் பின்னால் நான்கும், அவற்றுக்குப் பின்னால் ஆறும், அவற்றுக்கும் பின்னால் எட்டும் தாங்கி நிற்கின்றன.

தொடும் உருளையின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதில் ஒரு பொட்டு சேதம் ஏற்பட்டால், தகட்டில் சுமார் 188 மில்லிமீட்டருக்கு ஒரு முறை அந்தப் பொட்டு பதியும். விட்டத்தைப் பையால் பெருக்கினால் கிடைக்கும் சுற்றளவு அது. தகட்டின் தடிமன் 2 மில்லிமீட்டராக இருந்தபோது பதிந்த வடு, பிறகு தகடு 1 மில்லிமீட்டராக உருட்டப்பட்டால், 377 மில்லிமீட்டர் இடைவெளிக்கு விலகியிருக்கும். வடுவும் நீண்டு மழுங்கியிருக்கும். ஆகவே வடுக்களின் இடைவெளியை அளவுநாடாவால் அளந்து, ஒவ்வோர் உருளையின் சுற்றளவோடும், ஒவ்வொரு கட்டத்தின் தடிமன் விகிதத்தோடும் ஒப்பிட்டால், எந்த உருளை, எந்த முறை ஓடும்போது சேதப்பட்டது என்பதைக்கூடச் சொல்லிவிடலாம். நுண்ணோக்கியும் ஆய்வகமும் தேவைப்படாத இந்தச் சோதனையைச் செய்யாமலே தகட்டைத் திருப்பி அனுப்புபவர்கள்தான் அதிகம்.

இடைவெளி இல்லாத குறைகளும் இங்கே உண்டு. உருட்டும்போது ஊற்றப்படும் எண்ணெய் குளிர்விப்பதற்கும் வழுக்குவதற்கும் மட்டுமன்று, தகட்டிலிருந்து கழன்ற உலோகத் தூளை அள்ளிச் செல்வதற்கும்தான். வடிகட்டி சோர்ந்தால் அந்தத் தூள் திரும்பி வந்து தகட்டில் அமுங்கும். எண்ணெய் அளவுக்கு மீறி உருளைக்கும் தகட்டுக்கும் இடையே சிக்கினால் நுண்குழிகள் விழும். சுருளைத் தளர்வாகச் சுற்றிவிட்டு மறுபடி இழுத்தால் அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் குறுங்கீறல்கள் உண்டாகும். சுருள்களுக்கு இடையே காகிதம் வைத்துச் சுற்றுவது இதற்காகவே.

அமிலத்தின் பங்கு

வெப்ப உருட்டலால் இறுகிய எஃகை மீண்டும் சூடேற்றி இளக்குவது ‘அனீலிங்’. அப்போது படிந்த ஆக்சைடை அமிலத்தில் கரைத்து எடுப்பது ‘பிக்ளிங்’. துருப்பிடிக்காத எஃகுக்கு நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் கலந்த குளியல் வழக்கமானது. அமிலம் குறைந்தால் செதில் எஞ்சும், கூடினால் உலோகம் சொரசொரப்பாகும் என்பது தெரிந்ததே. கவனிக்க வேண்டியது வேறொன்று. எஃகு 450 முதல் 850 டிகிரி வரையான வெப்பநிலையில் நெடுநேரம் தங்கினால், கரியும் குரோமியமும் மணி எல்லைகளில் சேர்ந்துவிடுவதால், அந்த எல்லைகளை ஒட்டிய பகுதி குரோமியத்தை இழக்கிறது. அமிலம் அந்த ஏழைப் பகுதியை மட்டும் தேடிச்சென்று அரிக்கிறது. மேற்பரப்பு முழுவதும் வலைபோல் நுண்ணிய பள்ளங்கள் விழுகின்றன. அடுத்து வரும் குளிர் உருட்டல் அந்தப் பள்ளங்களின் விளிம்புகளை மடித்து மூடிவிடுவதால், தகடு கண்ணாடிபோல் மின்னியபடியே ஆலையை விட்டு வெளியேறும். காப்புக்காக ஒட்டிய பிளாஸ்டிக் தாளை வாங்கியவர் உரிக்கும்போதுதான் அந்த மடிப்புகள் செதில்செதிலாகத் தூக்கி நின்று, வெளிச்சத்தில் பொன்துகள்போல் மினுங்கும். 430 தரத்தில் இது நன்கறியப்பட்ட குறை. அதைப் பிளாஸ்டிக் தாளின் பசைமேல் பழிபோட்டு முடித்துவிடுவது வழக்கமான தவறு.

மேற்பரப்பில் இல்லாத மேற்பரப்புக் குறை

சில குறைகள் தகட்டின் மேல் இருப்பதேயில்லை. தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும்போது உள்ளிருந்து எழுகின்றன. மென்மையான சாதாரண எஃகில், உள்ளே கரைந்திருக்கும் கரியும் நைட்ரஜனும் படிக அடுக்குகளின் நகர்வைப் பூட்டிவைத்திருப்பதால், அழுத்தும்போது பூட்டு ஓரிடத்தில் திடீரென அவிழ்ந்து, தகடு தீநாக்குப் போன்ற பட்டைகளாகச் சுருங்கிவிடும். 1860இல் ஜெர்மானியரான லூடர்ஸ் விவரித்த இந்தப் பட்டைகளுக்கு, 1949இல் காட்ரெல், பில்பி என்னும் இரு பிரித்தானிய ஆய்வாளர்கள் மேற்சொன்ன விளக்கத்தைத் தந்தார்கள். ஆலையில் கடைசியாக ஒரு விழுக்காடு அளவுக்கு மெல்ல உருட்டிவிட்டால் பூட்டுகள் அவிழ்ந்திருக்கும். ஆனால் தகடு கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் அவை மறுபடி பூட்டிக்கொள்ளும். நம் ஊர்க் கோடைவெயிலில் தகரக்கூரைக் கிடங்குக்குள் அது இன்னும் விரைவாக நடக்கும்.

430 தரத்தில் தோன்றும் வரிமேடுகள் வேறுவகை. வார்ப்பின்போது ஒரே திசையில் வளர்ந்த நீண்ட மணிகள், உருட்டலுக்குப் பிறகும் தங்கள் திசையை மறக்காமல் கூட்டம்கூட்டமாக இருந்துவிடுகின்றன. தகட்டை இழுத்துக் கிண்ணமாக்கும்போது ஒவ்வொரு கூட்டமும் தனித்தனி அளவில் சுருங்குவதால், உருட்டிய திசையில் இணைகோடுகளாக மேடுபள்ளம் எழுகிறது. இங்கும் வேர் வார்ப்புக்கூடத்தில்தான். எஃகை அதிக வெப்பமாக ஊற்றினால் நீண்ட மணிகள் அதிகம். உறையும்போது மின்காந்த முறையில் கலக்கினால் அவை உடைந்து சமபக்க மணிகளாகின்றன. எவர்சில்வர் தூக்கு, டபரா, குடம் ஆகியவற்றைச் செய்யும் பட்டறைகள் இந்த வரிகளைத் துணிச்சக்கரத்தில் தேய்த்து எடுக்கின்றன. பாத்திரத்தின் விலையில் பாலிஷ் கூலி கணிசமான பங்கு வகிப்பதற்கு இது ஒரு காரணம்.

நாணயத்தில் பாலிஷ் போட்டு மறைக்க வழியில்லை. இந்திய அரசு 10, 25, 50 காசு நாணயங்களை 1988 முதலும் ஒரு ரூபாய் நாணயத்தை 1992 முதலும் ஃபெரைட் வகைத் துருப்பிடிக்காத எஃகில் வெளியிட்டது. அதற்கான வட்ட வில்லைகளை வெட்டும் பிரிவு 1990களின் தொடக்கத்தில் சேலம் ஆலையில் அமைந்தது. நாணயத்தின் வெறும் பரப்பு, சிங்க முத்திரைக்கும் எழுத்துகளுக்கும் இடையே உள்ள அந்தச் சமவெளி, தகட்டின் மேற்பரப்பு அப்படியே உறைந்த படம். பழைய ஒரு ரூபாய் நாணயத்தை உருப்பெருக்கியில் சாய்த்துப் பார்த்தால், புழக்கத்தில் விழுந்த கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். உருட்டலில் பிறந்தவை மட்டும் ஒரே திசையில் ஓடும்.

ஆலைக்கு வெளியே

தகடு ஆலையை விட்டு நல்லபடியாக வெளியேறினாலும் கதை முடிவதில்லை. பழனி மலையில், கும்பக்கரையிலிருந்து பெருமாள்மலைக்கு ஏறும் சாலையில் இருக்கும் அடுக்கம் போன்ற ஊர்களில், கூரைக்கு ஏற்றிச் செல்லப்படும் துத்தநாகம் பூசிய நெளிதகடுகள் மலைப்பனியில் அடுக்கோடு நனைந்தால், தகடுகளுக்கிடையே தங்கிய ஈரம் துத்தநாகத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். காற்றுபடும்படி விரித்து வைத்திருந்தால் காற்றிலுள்ள கரியமில வாயு சேர்ந்து துத்தநாகத்தின் மேல் காப்பான படலம் உருவாகியிருக்கும். அடுக்குக்குள் காற்று போகாததால் படலம் உருவாகாமல் அரிப்பு மட்டும் நடக்கிறது. இதை உருட்டலின் குறை என்று சொல்லித் திருப்பித் தருவதில் நியாயமில்லை. துருப்பிடிக்காத எஃகு என்றால் பயமில்லை என்றும் இருக்க முடியாது: சாதாரண இரும்பு அறுத்த அதே மேசையில், அதே தேய்ப்புக்கல்லால் எவர்சில்வர் தகட்டைத் தேய்த்தால், பதிந்த இரும்புத் தூள் மலைக்காற்றின் ஈரத்தில் சில நாட்களிலேயே செம்புள்ளிகளாகப் பூக்கும், துருப்பிடிப்பது தகடு அன்று, அதன் மேல் ஒட்டிய தூள்.

ஆகவே தகட்டில் குறையைக் காணும் பட்டறைக்காரரும் கூரை வேலைக்காரரும் முதலில் செய்ய வேண்டியது அதைத் தேய்க்காமல் விடுவது. குறை எந்த முகத்தில் இருக்கிறது, விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம், உருட்டிய திசைக்கு இணையா குறுக்கா, திரும்பத் திரும்ப வருகிறது என்றால் எத்தனை மில்லிமீட்டருக்கு ஒரு முறை என்பவற்றை அளந்து, சுருளின் எண்ணோடு எழுதி, உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றைத் தேய்க்காமல் வெட்டி வைத்திருந்தால், பிழை எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதை ஆலை மறுக்க முடியாதபடி காட்டலாம். தேய்த்து அனுப்பிய தகட்டில் எந்த ஆய்வகத்தாலும் ஒன்றும் சொல்ல இயலாது.